சிக்கெடுக்கும் தொழில்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எங்கே போகும் என்பதைப் பழமொழியாகவே சொல்லிவைத்திருக்கிறார்கள். போகும் இடத்தைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அந்தப் பழமொழியின் முன்பாதி என் தொழில். பின்பாதி நாயின் சொந்த விவகாரம். அதற்கு நான் ரசீதில் உத்தரவாதம் எழுதித் தருவதில்லை.

உத்தரவாதம் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. குளித்து, காய்ந்து, லாவண்டர் மணக்க வெளியே போன ஒரு லாப்ரடார், கார்க் கதவு திறப்பதற்குள் எதிரில் இருந்த காலி மனையில் புரண்டு எழுந்து வந்தது. "இப்பத்தானுங் காசு குடுத்தேன்" என்றார் உரிமையாளர். நாயின் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொன்னேன். நம் மூக்கில் மோப்ப செல்கள் சுமார் 50 லட்சம் என்றால் அதன் மூக்கில் 20 கோடிக்கு மேல். ஷாம்புப் புட்டியில் 'இதமான நறுமணம்' என்று எழுதியிருப்பது அதற்கு ஊதுபத்தி ஆலைக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி. தன் சொந்த வாசனையைத் தேடித்தான் மண்ணில் புரள்கிறது. அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாசமில்லாத ஷாம்பே போட்டிருக்கலாமில்லீங்?" என்றார். போடலாம். ஆனால் வாசனை இல்லாமல் நாயை வீட்டுக்கு அனுப்பினால், "இந்தப் பொம்பள குளிப்பாட்டவே இல்ல, தண்ணியத் தெளிச்சு அனுப்பியிருக்கறா" என்பார்கள். ஷாம்பு நாய்க்கு. வாசனை பில் கட்டுகிறவருக்கு.

கோயம்புத்தூர் சாயிபாபா காலனிப் பக்கம் ஒரு குறுக்குத்தெருவில் என் கடை. நாய்களுக்கும், என் கிரகநிலை சரியில்லாத நாட்களில் பூனைகளுக்கும் சிக்கெடுத்து, குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து, முடி திருத்தி அனுப்புகிறேன். பலகையில் 'பெட் குரூமிங்' என்று போட்டிருக்கிறது. அதைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்பதை எங்கள் குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை.

கல்யாண வீடுகளில் பெரியப்பா என்னை அறிமுகப்படுத்தும் அழகைக் கேட்க வேண்டும். "என்ற தம்பி பொண்ணு. அனிமல் லைன்ல இருக்கறா" என்பார். கேட்பவர் கால்நடை மருத்துவர் என்று முடிவு கட்டிவிடுவார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையைப் பிடித்து உட்கார்ந்து, "ஏனுங் அம்முணி, எங்க சிந்து மாடு ரெண்டு நாளா தீவனமே எடுக்கறதில்லைங். மடி வேற கல்லா இருக்குதுங்" என்று ஆரம்பிப்பார். நான் டாக்டர் இல்லை, நாய்க்கு முடி வெட்டுகிறவள் என்று சொன்னதும் அவர் கவனம் முழுவதும் இலைக்குத் திரும்பிவிடும். ரசம் வரும்வரை பேச்சு இருக்காது. மோருக்கு முன்னால் மெதுவாக, "ஒரு நாய்க்கு எவ்வளவுங் வாங்குவீங்க?" என்று கேட்பார். சொல்வேன். கையில் எடுத்த சோறு அந்தரத்தில் நிற்கும். "எனக்கே நூத்தம்பதுதானுங் வாங்கறான்!"

நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "உங்களுக்குத் தலையை மட்டும் வெட்டறாங்க. இங்க உச்சி முதல் வால் நுனி வரைக்கும் வெட்டணும். வெட்டும்போது நீங்க கடிக்க மாட்டீங்க. நாற்காலியிலயே ஒண்ணுக்குப் போக மாட்டீங்க. பக்கத்து நாற்காலில உக்காந்திருக்கறவரப் பார்த்து உறும மாட்டீங்க." அவர் இதை மனதுக்குள் சரிபார்த்துக்கொள்வார். கை கழுவும் இடத்தில் மறுபடி பிடிப்பார். "என்ற பேரன் பி.இ. முடிச்சுப்போட்டுச் சும்மாதானுங் இருக்கறான். அவனுக்கு இதச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"கலிகாலம், நாய்க்கெல்லாம் சலூன்" என்று பெருமூச்சு விடும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் சேன் நதிக்கரையோரம் நாய்க்கு முடி வெட்டுகிறவர்கள் கத்தரியோடு உட்கார்ந்து பிழைத்திருக்கிறார்கள். பூடில் நாய்க்கு இடுப்பை மழித்து, மார்பிலும் கால் மூட்டுகளிலும் உருண்டை உருண்டையாக முடி விடும் வெட்டைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அதுவும் வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்தது. சுட்ட வாத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போய்த் தூக்கிவரும் நாய் அது. ஈர முடி கனத்து இழுக்காமல் இருக்கப் பின்பக்கத்தை மழித்தார்கள். மார்பும் மூட்டுகளும் விறைக்காமல் இருக்க அங்கே மட்டும் முடியை விட்டார்கள். வாத்து போய்விட்டது. வெட்டு நிற்கிறது.

இனி வேலைக்கு வருவோம். நாய் உள்ளே வந்ததும் நேராகக் குளியல்தான் என்று நினைக்கிறார்கள். முதலில் தடுப்பூசி அட்டை. அது இல்லாமல் எந்த நாயும் என் மேஜை ஏறாது, மாநகராட்சி மேயர் வீட்டு நாயாக இருந்தாலும் சரி. அடுத்தது சிக்கெடுப்பது. சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் முடி ஒன்றோடொன்று இறுகித் தோலோடு ஒட்டிய கம்பளித்துண்டு ஆகிவிடும். பிறகு கத்தரி, கிளிப்பர் எது நுழைந்தாலும் தோலுக்கு ஆபத்து. வீட்டில் குளிப்பாட்டி, அது காயாமலே சோபாவுக்கடியில் படுத்து எழுந்து, மறுநாள் எங்களிடம் வரும் நாய்தான் எங்கள் தொழிலின் பெரிய சோதனை. சிக்கெடுத்த பிறகு விளாவிய வெந்நீர், நாய்க்கான ஷாம்பு. நம் தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பது. ஆகவே உங்கள் பொடுகு ஷாம்பு அதற்கு ஆகாது. அப்புறம் புளோயர். அந்தச் சத்தத்தில் என் காதில் விழாமல் போன வாடிக்கையாளர் அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு நூல் வரும்.

நகம் தனி அத்தியாயம். நாயின் நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வெட்டிய முகத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். தோட்டத்திலும் தெருவிலும் ஓடிய காலத்தில் நாயின் நகம் தானாகத் தேய்ந்தது. இன்றைக்கு மூன்றாவது மாடி, வழவழ டைல்ஸ், மாலையில் லிஃப்டில் இறங்கிக் கம்பத்தைப் பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறும் வாழ்க்கை. நகம் எங்கே தேயும்? வளைந்து சதையில் குத்துகிறது. ராத்திரியில் ஹாலில் டக் டக்கென்று யாரோ நடக்கிறார்கள் என்று ஒரு வீட்டில் மந்திரித்துத் தாயத்துக்கூடக் கட்டியிருந்தார்கள். நகம் வெட்டியதும் ஆவி போய்விட்டது. தாயத்தின் மகிமை என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

அடுத்து ஒரு விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நாயின் ஆசனவாய்க்கு இருபுறமும், கடிகாரத்தில் நாலு மணியும் எட்டு மணியும் இருக்கும் இடத்தில், இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றின் சுரப்புதான் நாயுலகத்தின் ஆதார் அட்டை. ஒன்றை ஒன்று மோந்து பார்ப்பது அதற்காகத்தான். சில நாய்களுக்கு அது தானாக வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும். தரையில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு நகரும். "டான்ஸ் ஆடறானுங்" என்று வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அந்த டான்ஸை நிறுத்துவதற்கு ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு அழுத்தி எடுக்க வேண்டும். அந்த ஒருவர் நான். வாசனையை வர்ணிக்கப்போவதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் நான் சாப்பிட மாட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடைப்பு இல்லாத நாய்க்கு இதைச் செய்யவும் கூடாது. "பேக்கேஜ்ல இருக்குதில்லீங், செஞ்சு உடுங்க" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இந்தத் தொழிலில் நான் பயப்படுவது நாயின் பல்லுக்கு இல்லை, ஒரு வாக்கியத்துக்கு. "எங்க ரோஸி கடிக்கவே கடிக்காதுங்." இதைச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்ததும் நான் முகவாய்ப்பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ரோஸி அவரைக் கடிக்காது என்பது உண்மை. அவர் அதன் காதுக்குள் மருந்து விட்டதில்லை, பாதத்துக்கிடையில் முடி வெட்டியதில்லை, வாலைத் தூக்கிப் பார்த்ததில்லை. இவ்வளவும் ஒரே முற்பகலில் செய்கிற அந்நியரைப் பற்றி ரோஸிக்குத் தனி அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் நாய் மரியாதையான பிராணி. கடிப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுக்கும். தூக்கம் வராமல் கொட்டாவி விடும். சாப்பிடாமலே உதட்டை நக்கும். தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். கடைசியாக உடம்பு ஆடாமல் உறைந்து நிற்கும். அந்தக் கடைசி நோட்டீஸையும் வாங்கிக்கொள்ளாமல் கத்தரியை நீட்டுகிறவருக்குத்தான் கடி.

பல் பட்டுவிட்டால் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு ஊசி. எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு வைத்திருப்போம். அப்படிப் போட்டிருந்தாலும் கடிபட்டால் அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று போட்டாக வேண்டும். ஊசி போடும் நர்ஸம்மா இப்போதெல்லாம் சீட்டைப் பார்ப்பதில்லை, "இன்னிக்கு என்ன சாதிங்?" என்றுதான் கேட்கிறார். முதல்முறை திடுக்கிட்டேன். நாய்ச் சாதியைக் கேட்கிறார்.

பூனைக்கு நோட்டீஸ் வழக்கமில்லை, நேராகத் தீர்ப்பு. பெர்ஷியன் பூனை ஒன்றைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குளிப்பாட்ட, ஒருவர் முதல் ஆளுக்கு டிஞ்சர் போட. பூனை வளர்ப்பவர்களுக்கு விளையாட்டில்லாமல் ஒரு சொல்: நாய் உண்ணிக்குப் போடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது மருந்து, பூனைக்கு விஷம். மிச்சமிருக்கிறதே என்று பூனைக்குத் தடவிவிடாதீர்கள்.

சித்திரை பிறந்ததும் கோயம்புத்தூரில் இருக்கும் ஹஸ்கிகள் எல்லாம் என் கடைக்கு வந்துவிடும். சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய், சிங்காநல்லூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கரண்ட் போனால் ஊளையிடுகிறது. உரிமையாளர் கேட்பது ஒன்றுதான்: "மொட்டை போட்டுடுங். நாம வெயில்ல கம்பளிய போத்திக்கிட்டு நிப்பமாங்?" மாட்டோம். ஆனால் நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய் வேர்ப்பது பாதத்தில் மட்டும்தான், மீதி வெப்பத்தை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. அதற்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளடுக்குப் பஞ்சு காற்றைப் பிடித்துவைத்துக் குளிரையும் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். மேலடுக்கு வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கும். மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்குத் திரும்ப முளைக்கும்போது பாதி இடம் முளைக்கும், பாதி இடம் யோசிக்கும். செய்ய வேண்டியது உதிர்ந்த உள்முடியை ரேக்கால் வாரி எடுப்பது. புளோயரைத் திருப்பிவிட்டால் கோயம்புத்தூர்க் கோடையில் என் கடைக்குள் மட்டும் பனி பெய்யும். ஒரு ஹஸ்கியிலிருந்து எடுத்த முடியைக் குவித்தால் பக்கத்தில் இன்னொரு ஹஸ்கி நிற்கும், அதற்குச் சாப்பாடு மட்டும் தேவையில்லை.

இவ்வளவும் வேலையின் வெளிப்பக்கம். உள்பக்கம் வேறு. சிக்கெடுக்கிறவளுக்குக் குடும்ப ரகசியம் தெரிந்துவிடும். நான் கேட்பதில்லை, நாயின் முடி சொல்லிவிடுகிறது.

முதுகு பட்டாக இருந்து, வயிறும் கக்கமும் சிக்காக இருந்தால், அந்த வீட்டில் ஒருவர் சீரியல் பார்த்துக்கொண்டே நாயை வாருகிறார். "தினமும் வாரறமுங்" என்று அவர் சத்தியம் செய்வது பொய்யில்லை. கண்ணுக்குத் தெரியும் பாகத்தைத் தினமும்தான் வாருகிறார். கை இடுக்கில் சிக்கு என்றால் மார்புப்பட்டையை மாட்டியவர் அதைக் கழற்றவே இல்லை. காதுக்குப் பின்னால் மட்டும் என்றால் வீட்டில் பள்ளிக்கூடக் குழந்தைகள். அங்கேதான் முடி மெல்லியது, அங்கேதான் எல்லாரும் பிடித்துக் கொஞ்சுகிறார்கள். கண்ணுக்குக் கீழே திருஷ்டிப் பொட்டு இருந்தால் வீட்டில் அம்முச்சி இருக்கிறார். அந்தப் பொட்டை நான் அழித்துவிட்டால் அடுத்த முறை பொட்டு இரண்டு மடங்காக வரும். திருஷ்டி என்னிடமிருந்து வந்ததாக அம்முச்சி முடிவு செய்துவிட்டார் என்று பொருள்.

தாடி எல்லாவற்றையும்விட ஆபத்தான சாட்சி. "ட்ரை ஃபுட் தவிர வேற ஒண்ணும் குடுக்கறதில்லைங்க" என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்வார். வெள்ளை ஷிட்ஸுவின் தாடி மஞ்சளாக இருக்கும். மோந்து பார்த்தால் பெருங்காயம். கூட வந்த மாமனார் அந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருக்கும் நாய் இனங்களின் படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்குவார். நான் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை. பொதுவாகச் சுவரைப் பார்த்து, "சாம்பார்ல போடற வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாதுங். ரத்தத்துல இருக்கற சிவப்பணுவ உடைச்சிரும்" என்பேன். மாமனார் சுவருக்குத் தலையாட்டுவார்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் வீடுகளில் நாய்க்கும் எண்ணெய் உண்டு. உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்து, சூடு தணியத் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, எண்ணெய் போகாமல், சாம்பிராணி வேறு காட்டி என்னிடம் அழைத்துவருவார்கள். வேப்பெண்ணெய் பூசிய நாய்களும் உண்டு, உண்ணிக்காம். அந்த வாசனைக்கு உண்ணி போகிறதோ இல்லையோ, வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் போய்விடுகிறார்கள். சோளமாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பேன்சீப்பால் வாரி, இரண்டு தரம் ஷாம்பு போட்டால்தான் முடி முடியாகும். அன்பில் குறை சொல்ல முடியாது. பேரனுக்குச் செய்ததை நாய்க்கும் செய்கிறார்கள். பேரன் அழுவான், நாய் அதைக்கூடச் செய்வதில்லை.

நீண்ட நாள் பார்த்ததில் நான் கண்ட உண்மை இதுதான்: நாயை வாங்குகிறவர் ஒருவர், வாருகிறவர் இன்னொருவர், பெரும்பாலும் இவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை. வாங்குகிறவர் படம் பார்த்து வாங்குகிறார். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே நடந்தது. ஊரெல்லாம் பக் வாங்கியது. அதன் முகமடிப்புக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகும், தினம் துடைக்க வேண்டும் என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை, சொல்வது அதன் வேலையும் இல்லை. ஷிட்ஸு சீன அரண்மனைகளில் வளர்ந்த இனம். முடி வளர்ந்துகொண்டே இருக்கும். அரண்மனையில் அதை வாருவதற்கு ஆள் அம்பு உண்டு. பீளமேட்டில் ஓர் அம்மா மட்டும்தான் இருக்கிறார்.

அந்த அம்மாவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2020 ஊரடங்கில் மகன் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது பொழுதுபோகாமல் வாங்கிய ஷிட்ஸு, பெயர் கோகோ. ஆபீஸ் திறந்தது, மகன் பெங்களூர் போனான், அங்கிருந்து கனடா போனான். கோகோவுக்கு விசா இல்லை. ஆட்டோவில் மடியில் துண்டு விரித்து அதில் கோகோவை உட்காரவைத்துக்கொண்டு அம்மா வருவார். "எனக்கு நாயே புடிக்காதுங் அம்முணி. அவன் வாங்கியாந்து போட்டுப்போட்டுப் போய்ட்டான்" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து, வேகவைத்த கோழியை நார் நாராகப் பிய்த்து ஊட்டுவார். "எங்க ஊட்ல யாரும் கவுச்சி தொட மாட்டமுங். இதுக்குன்னு தனி குக்கர் வாங்கி வெளியில வெச்சிருக்கறனுங்." கோகோவுடன் அவர் பேசுவது ஆங்கிலத்தில். "கோகோ, சிட். கம் ஹியர். நோ, நோ." ஏன் என்று கேட்டேன். "அதுக்குத் தமிழ் தெரியாதில்லீங்" என்றார். கோகோ பிறந்தது பொள்ளாச்சியில்.

வெட்டு விஷயத்தில் முடிவெடுக்க டொரன்டோவிலிருந்து வீடியோ கால் வரும். இங்கே முற்பகல் என்றால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். "அக்கா, டெடி பேர் கட் பண்ணுங்க. ரெஃபரன்ஸ் அனுப்பியிருக்கேன்." அனுப்பிய படத்தில் இருப்பது கொரியாவில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும், வாழ்க்கையில் ஒருநாள்கூடத் தரையில் கால் வைக்காத நாய். அம்மா குறுக்கே புகுவார்: "அதெல்லாம் வேண்டாமுங். ஒட்ட வெட்டி உடுங்க. வெயில் தாங்க மாட்டீங்குது." இதற்குள் அப்பா வீட்டிலிருந்து அம்மாவின் செல்லுக்கு அழைப்பார்: "மீசைய எடுத்துறாதீங்கன்னு சொல்லு. கம்பீரம் போயிரும்." மேஜைமேல் கோகோ. காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலச் சிக்கு. மூன்று பேர் மூன்று திசையில் முடியைப் பற்றி வாதாடுகிறார்கள். முடியைச் சுமப்பவர் கொட்டாவி விடுகிறார், அதாவது முதல் நோட்டீஸ்.

இந்த இடத்தில் நான் நீதிபதி ஆகிவிடுவேன். டெடி பேருக்கு நீளம் வேண்டும், நீளம் வேண்டுமானால் இவ்வளவு சிக்கையும் இழுத்து இழுத்து அவிழ்க்க வேண்டும், அவ்வளவு வலியை அது ஏன் தாங்க வேண்டும்? 7ஆம் நம்பர் பிளேடு. உடம்பில் 3 மில்லிமீட்டர் முடி மிஞ்சும். அப்பாவுக்காக மீசை. வேலை முடிந்து திரையில் காட்டினால் மகன் அதிர்ந்துபோய், "அக்கா, இது யாரு?" என்பான். அம்மா கோகோவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்து, "இப்பத்தான் கண்ணு தெரியுது என்ற சாமிக்கு" என்பார். நாயே பிடிக்காதவர்.

கோகோவை நாய் என்று நான் ஒருமுறைகூட அவர் எதிரில் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று பிரித்தது என் கடை வாசலோடு சரி. உள்ளே 'பையன்', 'பாப்பா', 'தம்பி' மட்டும்தான். "பாப்பா மோஷன் போயிட்டாளுங், சாப்பிட்டுட்டாளுங், நேத்துல இருந்து கொஞ்சம் டல்லா இருக்கறாளுங்" என்று ஒருவர் பேசிக்கொண்டே வந்தார். பின்னாலேயே ராட்வைலர் வந்தது.

என் தொழிலுக்கு ஐந்து பைசா தராத நாய்களும் இருக்கின்றன, அவை நம் ஊர் இனங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. முடி உடம்போடு ஒட்டிக் குட்டையாக இருக்கும். ஈரத் துண்டால் துடைத்து, ரப்பர் பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. இந்திய அஞ்சல் துறை 2005-ல் நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. சீப்பே படாமல் தபால்தலை ஏறிய நாய். ஆனால் அது ஓடுவதற்குப் பிறந்த நாய், அடுக்குமாடி பால்கனியில் கட்டிவைத்தால் பால்கனியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அடுக்குமாடிக்காரர்களுக்கு நான் சொல்வது தெருவில் பிறந்த குட்டி. தடுப்பூசி போட்டு வளர்த்தால் குட்டை முடி, கெட்டி உடம்பு, சிக்கு கிடையாது, சாம்பாரைத் தவிர ரகசியமும் கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது அப்படி ஒன்றுதான், பெயர் மணி. அது தன் குரூமிங்கைக் குரோட்டன்ஸ் தொட்டி மண்ணில் தானே பார்த்துக்கொள்கிறது.

ஆகவே, வீட்டுக்கு நாய் வாங்கலாமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும்போது, "யார் கொஞ்சுவது" என்று கேட்காதீர்கள். அதற்கு வரிசையில் நிற்பார்கள். "யார் வாருவது" என்று கேளுங்கள். கை தூக்குகிறவர் அடுத்த வருஷம் ஊரில் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். யாரும் கை தூக்காவிட்டால் குட்டை முடி நாயாகப் பாருங்கள். ஏற்கெனவே நீள முடி நாய் வாங்கியாகிவிட்டது என்றால் ஒரு ஸ்லிக்கர் பிரஷ், ஒரு ஸ்டீல் சீப்பு வாங்குங்கள். தினமும் பத்து நிமிடம், டி.வி.யை அணைத்துவிட்டு, முடியை அடுக்கடுக்காகப் பிரித்துத் தோல்வரைக்கும் வாருங்கள். காதுக்குப் பின்னால், கை இடுக்கு, தொடை இடுக்கு, பட்டைக்கு அடியில். மேலாகத் தடவினால் அது கொஞ்சல், வாருவது ஆகாது.

எல்லாரும் இப்படிச் செய்தால் என் வருமானம் பாதியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். கவலைப்படவில்லை. நகத்துக்கும் அந்த நாலு மணி, எட்டு மணி விவகாரத்துக்கும் நீங்கள் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.